ஒரு முழங்கைத் தூரம்

அவளை விழ வைப்பதற்காகத்தான் நான் போனேன். தங்கப் பதக்கம், தேசிய அணியில் காலியாக இருந்த ஒரே இடம், இதெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்கு. நானும் சொன்னேன். பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம்கூட, "கடுமையா உழைச்சிருக்கேன், பார்ப்போம்" என்று பல்லை இளித்துவிட்டு வந்தேன். மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓடுகிற காறை எலும்பு அவளுக்கு முறிய வேண்டும். முடிந்தால் இடது பக்கம். எனக்கு முறிந்ததும் அந்தப் பக்கம்தான்.

எங்கள் சைக்கிள் பந்தயம் தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மரப்பலகைத் தடம், வளைவுகளில் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். இரண்டே பேர், மூன்று சுற்று. முதல் இரண்டு சுற்றும் யார் முதலில் பாய்வது என்று ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு ஊர்வலம் போவோம். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபின் பன்னிரண்டு, பதின்மூன்று நொடி. எல்லாம் அதில்தான். சைக்கிளில் பிரேக் கிடையாது. மிதிக்காமல் சும்மா உருட்டவும் முடியாது, சக்கரம் சுழலும்வரை காலும் சுழல வேண்டும்.

தடத்தின் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. கடைசிப் பாய்ச்சலில் முன்னால் போகிறவள் அந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்துவிட்டால் அந்தப் பாதை அவளுக்குச் சொந்தம். பின்னால் வருகிறவள் மேலே சுற்றித்தான் முந்த வேண்டும். பதிலுக்கு, உள்ளே இருப்பவள் சிவப்புக் கோட்டைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

போன வருடம் அரையிறுதியில் அவள் வெளியே வந்தாள்.

நான் அவளை முந்துகிற நேரம். என் முன்சக்கரம் அவள் பெடலுக்கு நேராக இருந்தது. சட்டென்று மேலே ஏறி, முழங்கையை என் விலாவில் கொடுத்தாள். அந்த வேகத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். தோலும் துணியும் சேர்ந்து உரிந்தது. பலகைச் சிராய் பதினொன்றைத் தொடையிலிருந்து இடுக்கியால் பிடுங்கினார்கள். எலும்பு இரண்டாகப் போனது.

வேறு யாரோ செய்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள். ஒரே பயிற்சியாளரிடம் நான்கு வருடம். ஒரே அறையில் தங்கி, ஒரே வாளியில் துணி ஊற வைத்தவர்கள். வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். இப்போது அந்த வாயால் அவளை மகாராணி என்றுதான் சொல்வேன், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால்.

தவறு நடந்தால் பத்து நிமிடத்துக்குள் பயிற்சியாளர் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு மஞ்சள் படிவம் இருக்கிறது. சார் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு பை ஆப்பிளோடு மருத்துவமனைக்கு வந்தார்.

"ரெண்டு பேருமே என் பொண்ணுங்கதானேம்மா. ஒருத்திக்காக இன்னொருத்தி மேல நான் எப்படிப் புகார் எழுதுவேன், சொல்லு? அந்தப் பதட்டத்துல படிவம் எங்க இருக்குன்னே தெரியல."

மகாராணியும் கூட வந்திருந்தாள். மறுநாள் இறுதிப் போட்டி அவளுக்கு, அதில் தங்கமும் வாங்கினாள்.

"நீதான் தடுமாறிட்ட. நான் என்ன பண்றது?" என்று ஆப்பிளைப் பார்த்துச் சொன்னாள்.

அவர்கள் போனதும் அம்மா அந்தப் பையைத் தூக்கிப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வை மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவாள். கோபத்தை எனக்குக் கொடுத்ததே அவள்தான்.

"மூஞ்சியப் பார்த்துப் பேச முடியல பாரு. இவளை விட்டுடாத," என்றாள்.

நான் விடவில்லை. எலும்பு கூடியதும் சாரிடம் போகாமல் தனியாகப் பயிற்சி எடுத்தேன். போட்டி விண்ணப்பத்தில் பயிற்சியாளர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். வீட்டின் பின்கட்டில், நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்டும் உருளைகளைப் போட்டு, வலது பக்கம் உத்திரத்திலிருந்து ஒரு சலவை மூட்டையைத் தொங்கவிட்டோம். வேகமாக மிதித்துக்கொண்டே முழங்கையால் அதை அடிக்க வேண்டும். சக்கரம் ஒரு விரல்கூட நகரக் கூடாது. சக்கரம் சிவப்புக் கோட்டைத் தாண்டாது, முழங்கை மட்டும் தாண்டும், அதுதான் என் திட்டம். நடுவர்களின் கேமரா தடத்தின் நடுவிலிருந்து பார்க்கிறது. என் வலது முழங்கையை என் உடம்பே மறைத்துவிடும். எட்டு மாதம், தினமும் இருநூறு அடி.

எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழ. விலாவுல படணும்ல?" என்று மூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

இந்த வருடம் இறுதிப் போட்டியில் அவளும் நானும். மூன்றில் இரண்டு ஓட்டம் ஜெயித்தால் தங்கம். தங்கம் வாங்குகிறவளுக்குத் தேசிய அணி.

முதல் ஓட்டத்தில் அசிங்கமாகத் தோற்றேன். இடிக்க எப்போது இடம் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பாய மறந்துவிட்டேன். அவள் இரண்டு சைக்கிள் நீளம் முன்னால் போய்க் கையைத் தூக்கினாள். முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சார் எம்பிக் குதித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சைக்கிள் ஓட்ட வந்தியா, சண்டை போட வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"அப்போ ரெண்டையும் ஒழுங்கா பண்ணு."

இரண்டாவது ஓட்டத்தில்தான் அந்த விஷயம் என் கண்ணில் பட்டது. மணி அடித்தபின் வளைவில் அவளுக்குப் பக்கத்தில் போனேன். சோர்வில் என் தோள் லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். அவள் உடம்பு முழுக்க ஒரு தடவை தூக்கிப்போட்டது. அரை நொடி கால் தளர்ந்தது. நான் தாண்டிவிட்டேன்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயப்படுகிறாள்! நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். செய்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வருடமாக நான் தூங்காமல் கிடந்ததுபோல அவளும் தூங்காமல் கிடந்திருக்கிறாள் என்று நினைத்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! அந்தத் தண்ணீர்கூட இனித்தது.

மூன்றாவது ஓட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். முன்னால் போகிற இடம் எனக்கு விழுந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு சுற்று அவளை நடை வேகத்தில் இழுத்தேன். மேலே ஏறினேன், நின்றேன், திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. வாய் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் மேலிருந்து சரிந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் புகுந்தேன். பாதை என்னுடையது. அவள் வந்தால் என் வலது பக்கம்தான் வர முடியும். வா தாயே, வா.

வந்தாள். நல்லாவே வந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசி வளைவில் அவள் சக்கரத்தின் இரைச்சல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அவள் நிழல் என் முட்டிக்கு வந்தது, கைப்பிடிக்கு வந்தது. இன்னும் ஒரு முழம்.

எட்டு மாதத்தையும் திரட்டி முழங்கையை விட்டேன்.

ஒன்றும் படவில்லை. வெறும் காற்று. அடிக்கிற வேகத்துக்குத் தடுக்க எதுவும் இல்லாததால் நானே சாய்ந்தேன். சக்கரம் ஆடியது. எப்படி நிமிர்ந்தேனோ தெரியாது. முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் ரொம்பப் பின்னால், தடத்தின் உச்சியில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறாள். என் தோள் அசைவதற்கு முன்பே காலைத் தளர்த்திவிட்டாள்.

நான் இறங்குவதற்குள் சார் நடுவர் மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் படிவம். எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு! இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பார்த்தியா?" என்றாள் அம்மா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, ஒரு திரை, ஐந்து நாற்காலி. தலைமை நடுவர் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த அம்மாள். காட்சியை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். நான் நினைத்தது போலவே என் உடம்புக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

"இவ சக்கரம் கோட்டைத் தாண்டல," என்றார். "உன்னைத் தொடவும் இல்ல. நீதான் திடீர்னு வேகத்தைக் குறைச்சிருக்க. ஏன்?"

"இடிக்கப் போறான்னு நினைச்சேன் மேடம்," என்றாள் அவள்.

"ஏன் அப்படி நினைச்ச?"

"மேடம், அது வந்து, குழந்தை பதட்டத்துல..." என்று சார் இழுத்தார்.

"உங்களைக் கேட்கல சார். நீ சொல்லும்மா."

அவள் கையுறையின் பட்டையைப் பிரித்தாள், ஒட்டினாள், பிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"போன வருஷம் நான் இவளை இடிச்சேன். வேணும்னுதான் இடிச்சேன். அவ விழுந்தா நான் இறுதிக்குப் போயிடலாம்னு. அதான் இவ திருப்பிச் செய்வான்னு பயந்துட்டேன்."

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. தான் எழுதிய புகாரே தன் தலையில் வந்து விழும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

போன வருட முடிவை இனி மாற்ற முடியாது என்றார் நடுவர். புகார் தள்ளுபடி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல ஒரு வரி இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. 'அவ பயந்தது சரிதான் மேடம்.' சொன்னால் தங்கம் போய்விடும், அணியில் இடமும் போய்விடும்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"இவ்வளவு நடந்தும் நேர்மையா ஓட்டியிருக்க. பெரிய மனசு உனக்கு," என்றார் அவர்.

வெளியே வந்ததும் சார் என் பின்னாலேயே வந்தார். குரலில் தேன் ஒழுகியது. "நடந்ததை எல்லாம் மறந்துடும்மா. மறுபடியும் நம்மகிட்டயே வந்துடு. நான் பார்த்துக்கறேன்."

"படிவம் எங்க இருக்குன்னு இப்போ தெரிஞ்சிடுச்சு போல சார்," என்றேன். அம்மா சத்தமாகச் சிரித்தாள். சார் வந்த வழியே போனார். அதற்காக அந்த எட்டு மாதத்தையும் இன்னொரு தடவை உழைக்கலாம்.

பதக்க மேடையில் நான் நடுவில் நின்றேன். அவள் எனக்கு ஒரு படி கீழே, வலது பக்கத்தில். கழுத்தில் தங்கம் கனத்தது. ஜில்லென்று இருந்தது. அவள் முன்னால் பார்த்தபடி, உதடு அசையாமல் பேசினாள்.

"முழங்கை வந்துச்சு. நான் பார்த்தேன்."

"வந்துச்சு."

"நான் அங்க இருந்திருந்தா?"

"இப்போ ஆஸ்பத்திரில இருந்திருப்ப."

அவள் தலையாட்டினாள். கோபப்படுவாள், அழுவாள், கீழே இறங்கி நடுவரிடம் ஓடுவாள் என்று காத்திருந்தேன். ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் நம்புவார்கள் அவளை?

"அப்புறம் ஏன் உள்ள சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ மட்டும் போன வருஷம் சொன்னியா?"

"போன வருஷம் சொல்லல. இன்னிக்குச் சொல்லிட்டேன்."

படம் எடுக்கிறவர், ரெண்டு பேரும் கை கொடுங்க, சிரிங்க என்றார். அவள் கையை நீட்டினாள். இந்த முறை கண் என் மேலேயேதான் இருந்தது. கீழே பார்த்தது நான். கழுத்தில் தங்கத்தோடும் வாயில் பொய்யோடும் போன வருடம் அவள் எப்படி நின்றாளோ, அப்படியே நின்றுகொண்டிருந்தேன். வெட்கம் வந்திருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கடைசியில் இதிலும் என்னை முந்திவிட்டாளே, பாவி.