சிம்பான் பண்ணியாச்சு

மலாய் நாட்டுக் குருண் ஊரில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இயங்கிய கல்வி மையத்தில் கூடுதல் கணிதம் கற்பித்த சிவநேசன், தமது சேமநிதிக் கணக்கில் ஒரு சென்கூட இல்லை என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கைப்பேசியில் கண்டுபிடித்தார். திரையில் தெரிந்தது பூச்சியம். பூச்சியத்தின்மீது அவருக்குத் தொழில்முறையான மரியாதை உண்டு. அது தம் பெயருக்கு நேரே வந்து நின்றபோது அந்த மரியாதை வெகுவாகக் குறைந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேமநிதி கட்டாயம் என்று சென்ற அக்டோபரில் ஆனது முதல், அதற்கென்று ஒரு தொகை அவர் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்பட்டு வந்தது. வருமான வரிக்கென்று இன்னொரு தொகை முதல் மாதத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்து வளர்ந்துகொண்டிருப்பதாக அவர் நம்பியிருந்தார்.

இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் பள்ளி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் குடும்பத்துக்கும் விசா கிடைக்கும். மனைவி வாணியும் ஏழு வயது மகளும் வந்துவிடலாம். பள்ளி கேட்டது இரண்டு தாள்கள்: சேமநிதிக் கணக்கறிக்கை, வரி கட்டியதற்கான சான்று. வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளை அழைப்பார்கள். அந்த அடுத்த ஆள் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறார் என்றும் தலைமையாசிரியை தேவையில்லாமல் சொல்லியிருந்தார்.

மையத்தின் உரிமையாளர் குழந்தைவேலு. கீழேயிருந்த மாவு மில்லும் அவருடையதே. மிளகாய்த் தூள் வியாபாரத்திலிருந்து கல்விக்கு வந்தவர் என்பதால், அவருடைய அறையில் யார் எதைப் பேசினாலும் நடுவில் ஒரு தும்மல் வந்தே தீரும்.

"ஐயா, என்ரை சேமநிதிக் கணக்கிலை ஒரு சதமும் இல்லை," என்றார் சிவநேசன்.

"அது எப்படி சார் இல்லாம போகும்? மாசா மாசம் சிம்பான் பண்ணியாச்சு லா! பிரேமா, சிம்பான் பண்ணோமா இல்லையா?"

கணக்கெழுதும் கிராணி பிரேமாவதி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க பண்ணீங்க பாஸ். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

இந்தச் சொல்தான் சிவநேசனை எட்டு மாதங்களாக நிம்மதியாகத் தூங்க வைத்தது. ஒவ்வொரு சம்பள நாளிலும் அவர், "சேமநிதி கட்டியாச்சோ ஐயா?" என்று கேட்பார். "சிம்பான் பண்ணியாச்சு சார்" என்று பதில் வரும். சேமநிதி வாரியத்தின் மலாய்ப் பெயரில் 'சிம்பானான்' என்றொரு சொல் இருப்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே அந்த வாரியத்துக்குப் பணம் செலுத்துவதைத்தான் இவ்வூர்த் தமிழில் சிம்பான் பண்ணுவது என்கிறார்கள் என்று முடிவுகட்டினார். தருக்கப்படி அந்த முடிவில் குறையில்லை. ஊர்ப்படிதான் அது பிழை.

குழந்தைவேலு எழுந்து மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில், தீபாவளிக்கு அச்சடித்து மிஞ்சிப்போன, அன்பளிப்புப் பணம் வைக்கும் ஊதா நிற அங்பாவ் உறைகள் இரண்டு கட்டுகளாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் உறையிலும் ஒரு மயில். மயிலுக்குக் கீழே மாதத்தின் பெயரும் 'சிவநேசன் சார்' என்ற எழுத்தும். ஒரு கட்டு சேமநிதி, மற்றது வரி.

"சிம்பான்னா என்னா சார்? பத்திரமா எடுத்து வைக்கிறது. வச்சிருக்கேன். எங்க போயிடுச்சு?"

சிவநேசன் வாயைத் திறந்தார். வந்தது தும்மல்.

"அதை வாரியத்திலை எல்லோ ஐயா வைக்கவேணும்!"

"வாரியத்துக்கு உங்கள தெரியுமா? எனக்குத் தெரியும். அங்க போட்டா அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் தொட முடியாது. இங்க பாருங்க, சாவி என் இடுப்புலயே இருக்கு. நீங்க நாளைக்கே ஊருக்குப் போறேன்னு நின்னா அவன் குடுப்பானா? நான் குடுப்பேன்."

"நாளைக்குச் சுங்கை பட்டாணிக்குப் போய் வாரியத்திலை முறைப்பாடு குடுக்கப்போறன்."

மிரள்வார் என்று எதிர்பார்த்தார். குழந்தைவேலுவின் முகம் மலர்ந்தது. "நீங்க எதுக்கு சார் பஸ்ல போறீங்க? நானே கொண்டு போறேன். ஆபீசர் கிட்டயே கேட்டுடுவோம், பத்திரமா வச்சது தப்பான்னு."

உறைக்கட்டுகளை ஒரு பையில் போட்டு நீட்டிய பிரேமாவதி, குரலைத் தாழ்த்தினார். "சார், போற வரைக்கும் இது உங்க கையிலயே இருக்கட்டும். அவர் கேட்டாலும் குடுத்துடாதீங்க."

மறுநாள் காலை குழந்தைவேலுவின் வண்டியில் புறப்பட்டார்கள். வழியில் பீடோங்கில் நிறுத்தி நெய்த் தோசை வாங்கிக் கொடுத்தார். முறைப்பாடு கொடுக்கப் போகிறவர், முறைப்பாட்டுக்கு ஆளாகப் போகிறவரின் செலவில் பசியாறுவது எந்த அறநூலுக்கு அடங்கும் என்று சிவநேசனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது தோசையை மட்டும் கொள்கையளவில் மறுத்தார்.

சேமநிதி அலுவலகத்தில் முப்பது பேராவது காத்திருந்தார்கள். எண் வந்ததும் இருவரும் முகப்பு மேசையின் முன் அமர்ந்தார்கள். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. கணினியைப் பார்த்துவிட்டு, இந்த ஊழியருக்கு ஏன் சந்தா வரவில்லை என்று குழந்தைவேலுவிடம் கேட்டார்.

"சுடா சிம்பான், புவான்," என்றார் குழந்தைவேலு பெருமிதத்தோடு. வைத்தாயிற்று அம்மா என்று அர்த்தம்.

"சிம்பான் டி மானா?"

எங்கே வைத்தீர்கள் என்பது கேள்வி. அதற்குக் குழந்தைவேலு உலகிலேயே மிக நேர்மையான பதிலைச் சொன்னார்.

"டாலாம் அல்மாரி."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து முகப்பில் இருந்தவரை அழைத்து, இவர் சொல்வதைக் கேள் என்றார். குழந்தைவேலு கொஞ்சம் உரக்க, அலமாரி என்ற சொல்லை நிறுத்தி நிதானமாக, இன்னொருமுறை சொன்னார்.

பிறகு அதிகாரி சிவநேசனிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். வழி இரண்டு. முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நடக்கும், வாரக்கணக்காகும். முதலாளி இங்கேயே பதிந்துகொண்டு நிலுவையைக் கட்டினால் மாலைக்குள் அறிக்கை கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமையை நினைத்துச் சிவநேசன் இரண்டாவதைத் தேர்ந்தார்.

"அதான் பணம் இருக்கே! எடுத்துக் குடுங்க சார்," என்றார் குழந்தைவேலு. சொன்ன வாய் மூடுவதற்குள் ஏதோ நினைவுக்கு வந்தவர்போல், "இல்ல, பைய இப்படிக் குடுங்க, நான் பார்த்துக் குடுக்கிறேன்," என்று கையை நீட்டினார்.

சிவநேசன் பையைக் கொடுக்கவில்லை. முதல் உறையைத் திறந்தார். உள்ளே பணமில்லை, நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எழுத்து குழந்தைவேலுவுடையது, மொழி தமிழ். என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றார் அதிகாரி.

"மில் மோட்டார் ரிப்பேர். அவசரம். அடுத்த மாசம் திருப்பி வச்சிடணும்," என்று தம் வகுப்பறைக் குரலில் வாசித்துவிட்டு, ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

"சார், மெதுவா," என்றார் குழந்தைவேலு.

"வகுப்பிலை கடைசி வாங்கிலை இருக்கிறவனுக்கும் கேக்கவேணும் எண்டு நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்."

காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது தமிழ் தெரியும். கைப்பேசிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. இரண்டாவது சீட்டு: "லாரி டயர் ரெண்டு. சார் இன்னும் கேக்கல." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவதாகக் கைக்கு வந்தது மார்ச் மாத உறை.

"பங்குனி உத்திரம். அன்னதான உபயம்."

"என்னாது?" என்று ஒரு குரல் எழுந்தது. செமிலிங் கோயிலின் மகளிர் குழுவை நடத்தும் காளியம்மா, தம் சொந்த வேலையாக வந்து எண்ணைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர், எழுந்து நேரே முகப்புக்கு வந்தார். "ஏன்ணே, அன்னிக்கு மைக்குல ஒங்க பேர மூணு வாட்டி சொன்னோம். பொன்னாட போத்துனோம். அது இந்த சாரு காசா?"

"அது வந்து காளியம்மா... சிம்பான்ல இருந்து கொஞ்சம்..."

"அப்ப பொன்னாடைய சாருக்குக் குடுங்க!" என்ற காளியம்மா சிவநேசனிடம் திரும்பினார். "தலைவாழ எலையில எனக்கு ரெண்டு வாட்டி பாயசம் ஊத்துனாரு சார் இவரு. 'நம்ம வீட்டு உபயம், நல்லா சாப்டும்மா'ன்னாரு. ஒங்க வீட்டு உபயம்னு இப்பத்தான் தெரியுது."

கூடம் முழுவதும் சிரித்தது. என்ன நடக்கிறது என்று அதிகாரி கேட்டார். அன்னதானத்தையும் உபயத்தையும் ஆங்கிலப்படுத்த முயன்ற சிவநேசன், பாதி வழியில் நான்காவது உறையை எடுத்தார். அவர் மணிக்கட்டைக் குழந்தைவேலு பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். கட்டிடுறேன்."

"எத்தினை மாசம்?"

"எட்டும்."

"வரி?"

குழந்தைவேலு மணிக்கட்டை விட்டுவிட்டார். சிவநேசன் உறையின் மடிப்பை விரலால் மெல்ல உயர்த்தினார். "வாசிக்கட்டோ?"

"அதையும் கட்டிடுறேன் லா!"

குழந்தைவேலு வங்கிச் செயலியைத் திறந்து, அதிகாரி சொன்ன தொகையைத் தட்டினார். பணம் போவதற்கு ஒரு ரகசிய எண் வேண்டும். அது மையத்தின் கைப்பேசிக்குத்தான் வரும். மையத்தின் கைப்பேசி பிரேமாவதியிடம் இருந்தது. மூன்று நிமிடத்துக்குள் பதியாவிட்டால் அந்த எண் செல்லாது.

"பிரேமா, நம்பர் வந்துச்சா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

"வந்துச்சு பாஸ். என்னோடதையும் கட்டுறேன்னு ஆபீசர் முன்னால சொல்லுங்க, நம்பர படிக்கிறேன்."

"ஒன்னோடதா? ஒனக்கு ஒம்பது வருசமாச்சே!"

"ஆமா பாஸ். கீழ்த்தட்டுல இருக்கு, பச்ச உறை. எனக்கு அவசரம் இல்ல. சாருக்குத்தான் வெள்ளிக்கிழம."

சிவநேசன் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். திரையில் வினாடிகள் குறைந்துகொண்டிருந்தன. குழந்தைவேலு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். காளியம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். இன்னொரு ஊழியர் இருப்பதை அதற்குள் புரிந்துகொண்ட அதிகாரி, ஒரு புதிய படிவத்தை எடுத்து முதலாளியின் முன் வைத்துப் பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டாரா சார்?" என்றது கைப்பேசி.

"போடுறார், பிள்ளை. 'கு' போட்டிட்டார்... முழுக்கப் போட்டிட்டார்."

பிரேமாவதி ஆறு இலக்கங்களையும் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒன்பது ஆண்டுகளில் அந்த மையத்தில் அவர் அனுபவித்து வாசித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வருமான வரி அலுவலகத்தில் ஒரு சீட்டும் வாசிக்கப்படவில்லை. செமிலிங்குக்கு இந்த வண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்று காளியம்மா பின்னிருக்கையில் ஏறியிருந்தார். அவர் கூடவே உள்ளேயும் வந்ததால் அங்கே வேலை மளமளவென்று நடந்தது. தாமதத்துக்கான அபராதம் எவ்வளவு என்று தெரியவந்தபோது மட்டும் குழந்தைவேலு, கீழே மில்லில் இருப்பதுபோல் மூன்றுமுறை தும்மினார்.

பிற்பகலில் இரண்டு தாள்களும் சிவநேசனின் கையில் இருந்தன. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அவற்றைப் படமெடுத்தார்; முதலில் பள்ளிக்கு அனுப்பினார், பிறகு வாணிக்கு.

"அப்ப போயிடுவீங்களா சார்?" என்று கேட்டார் குழந்தைவேலு. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அஞ்சாம் படிவப் பிள்ளைங்களுக்கு நான் யார பிடிக்கிறது?"

"ஆரைப் பிடிச்சாலும் ஐயா, சம்பளத்திலை பிடிக்கிறதைக் கட்டிப்போடுங்கோ."

பள்ளியிலிருந்து பதில் வந்தது: திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளலாம்; குடும்ப விசாவுக்கான விண்ணப்பத்தை அன்றைக்கே தொடங்கிவிடலாம். அவர் அதை இரண்டுமுறை படித்து முடிப்பதற்குள் வாணியின் செய்தி வந்துவிட்டது. சந்தோஷத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

"அங்கை இப்ப மழையோ வெயிலோ? பிள்ளைக்கு என்ன உடுப்பு எடுத்து வைக்க?"

சிவநேசன் நிமிர்ந்து பார்த்தார். ஜெராய் மலைப்பக்கம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது. சாலையின் இந்தப் பக்கம் தார் உருகும் வெயில். பின்னிருக்கையிலிருந்து காளியம்மா, பொன்னாடை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று குழந்தைவேலுவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

'இரண்டுக்கும்' என்று தட்டி அனுப்பிவிட்டு, அவர் முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.