ஷிஃப்டி பிரேமாவதி

மலேசியாவின் கூலிம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் சுகுமாரன் சூப்பர்வைசர். ஆங்கிலத்தில் தன்னை மிஞ்ச அங்கே ஆளில்லை என்பது அவர் நினைப்பு. கேண்டீனில் ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ் கேட்பதற்குக்கூட 'ஆக்சுவலி' போட்டுத்தான் ஆரம்பிப்பார்.

அவருக்குக் கீழே வேலை செய்த பிரேமாவதி, கரங்கானிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவள். அடிக்கடி சிக்கி நின்ற மிஷினுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை முட்டுக் கொடுத்து ஓட வைத்தாள். பார்க்க வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் முகக்கவசத்துக்குள்ளிருந்து, "வெரி நிஃப்டி!" என்றார். சாமர்த்தியமான வேலை என்று பாராட்டினார். இரைச்சலில் அது சுகுமாரன் காதில் 'ஷிஃப்டி' என்று விழுந்தது. ஷிஃப்ட் வேலைக்காரிக்கு எவ்வளவு பொருத்தமான வார்த்தை என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

மாதக் கடைசியில் மைக்கைப் பிடித்து, "பிரேமாவதி, தி மோஸ்ட் ஷிஃப்டி ஒர்க்கர்!" என்று அறிவித்து ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிய அறிக்கையிலும் அதையே எழுதினார்.

அங்கே அதிகாரியாக இருந்த காஞ்சனாவுக்கு உண்மையாகவே ஆங்கிலம் தெரியும். ஷிஃப்டி என்றால் நம்ப முடியாத, திருட்டு முழி முழிக்கிற ஆள். மறுநாளே இரண்டு காவலாளிகள் பிரேமாவதியின் லாக்கரைக் குடைந்தார்கள். ஒரு ஜோடி செருப்பும் தலைவலித் தைலமும் கிடைத்தன.

காஞ்சனா சுகுமாரனையும் பிரேமாவதியையும் அழைத்து அர்த்தத்தைச் சொன்னாள். "இவங்க மேல என்ன சந்தேகம், மிஸ்டர் சுகுமாரன்?"

சுகுமாரனுக்கு வேர்த்தது. தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும்; ஆனால் ஆங்கிலம் தெரியாது என்று ஆகிவிடுமே. "ஆமா மேடம், கொஞ்ச நாளா கவனிச்சுக்கிட்டுதான் வர்றேன்," என்றார்.

பிரேமாவதிக்குக் கண் கலங்கியது. அப்புறம் கோபம் வந்தது.

"ஏன்ணே, திருடின்னு தெரிஞ்சுமா மைக்ல கூப்பிட்டு பிஸ்கட் குடுத்தீங்க? மேடம், அந்த எஞ்சினியருக்கு போன் போட்டுக் கேளுங்க லா."

போட்டார்கள். அவர் ஒரு நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நிஃப்டி என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

லாக்கரைத் திறக்கச் சொன்னது காஞ்சனா. மன்னிப்புக் கேட்டால் தன் தப்பும் வெளியே வரும் என்று அவளும் கேட்கவில்லை. 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று எழுதிக் கோப்பை மூடினாள். பரிகாரமாக, தொழிலாளர்களுக்கு ஓய்வு நாளில் ஆங்கில வகுப்பு. பட்டியலில் முதல் பெயர் பிரேமாவதி. சுகுமாரன் பெயர் இல்லை. சூப்பர்வைசர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது கம்பெனியின் முடிவு.

வகுப்பன்று பிரேமாவதி வரவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு அங்கே போயிருந்தாள்.