நாற்பத்திரண்டு

"நாப்பத்திரண்டுக்கு மேல ஒத்தப் பைசா ஏறாது தம்பி" என்று கைப்பேசியில் தரகர் சொல்லிக்கொண்டிருந்தபோது, போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கை வந்து மகனின் கையைப் பிடித்தது.

குடோனில் முந்நூறு மூட்டை வெங்காயம். கிலோ நாற்பத்தைந்துக்குக் குறைந்தால் தருவதில்லை என்று நான்கு நாளாக அவன் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் அப்பா. பக்கவாதத்தில் வாய் போய்ப் பதினோரு நாள்.

"ஒரு நிமிசம் இருங்கண்ணே."

அப்பாவுக்குச் சந்தையில் துண்டய்யா என்று பேர். தோள் துண்டை இருவர் கைமேலும் போட்டு, அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் பிடிக்கிற விரல்கள் பத்துக் கணக்கு, அடுத்துப் பிடிப்பவை ஒற்றைக் கணக்கு. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது மட்டும்தான் தெரியும். "வாய் ஆயிரம் அளக்கும், விரல் ஒரு விலைதான் சொல்லும்" என்பார். அந்த ஒரு விலையில் சொத்தை இழந்தவர்களும் உண்டு. அவர்களும் மறுவாரம் அவரிடமே வந்து விரல் நீட்டுவார்கள்.

இப்போது அந்தக் கை அவனுடைய நான்கு விரல்களைச் சேர்த்து இறுக்கியது. விட்டது. துழாவித் துழாவி, இரண்டு விரலைப் பிடித்தது.

நான்கு. இரண்டு.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. "சரிண்ணே, நாப்பத்திரண்டுக்கே முடிச்சுக்கலாம். லாரி எப்ப வரும்?"

ஏற்றுக்கூலி யார் தலையில், சாக்கு யாருடையது என்று பேசி முடிப்பதற்குள் விரலில் இருந்த பிடி தளர்ந்திருந்தது.

காலையில் வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போகும்போது நர்ஸ் சொன்னது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. "மூச்சு முட்டினா கையத்தாண்ணே பிடிப்பாரு. உடனே தூக்கி உக்கார வச்சுருங்க" என்று சொல்லியிருந்தாள். பேரம் நடந்த நேரமெல்லாம் கட்டிலிலிருந்து ஒரு கரகரப்பு வந்துகொண்டேதான் இருந்தது. அது தொந்தரவாக இருந்ததால்தான் கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றியிருந்தான்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அழுது கொஞ்சம் ஓய்ந்ததும், "கடைசில ஏதாவது சொன்னாராடா?" என்று கேட்டாள்.

"விலை சொன்னாரும்மா" என்றான். "நாப்பத்திரண்டுன்னு. விரல்ல."

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "அதானே. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே, உக்காந்த நாற்காலிக்கு வெல கேட்ட மனுசனாச்சே."

மறுநாள் காலை வெளியூர் லோடு பதினெட்டு இறங்கி, வெங்காயம் இருபத்தெட்டுக்கு விழுந்தது. அக்கா வந்து சேர்வதற்காக அப்பாவைக் கூடத்தில் கிடத்திக் காத்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்த பெண்கள் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

"வெங்காயம் எறங்கிருச்சாமே."

"அதான் எண்ணெய் ஏறிருச்சுல்ல. ரெண்டும் சேந்து எறங்கினா நமக்குத் திமிர் ஏறிரும்னு பாக்கறாங்க."

கூடத்தில் அந்த விரல் கதையைத் தவிர வேறு பேச்சில்லை. "போற உசுரு, மகனைக் கரையேத்திட்டுப் போயிருக்கு" என்றார் அரிசிக் கடைக்காரர். கை மாறக் கை மாறக் கதைக்கும் விலை ஏறியது. துண்டய்யா கண் திறந்து பார்த்தாராம், தலையசைத்தாராம், சிரித்தாராம். மகன் யாரையும் திருத்தவில்லை.

நர்ஸ் வந்தாள். அம்மா அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவளின் பார்வை, திறந்திருந்த அறைக் கதவு வழியே கட்டிலுக்குப் போயிற்று. அப்பாவின் முதுகுக்கு முட்டுக்கொடுக்க அவள் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்த மூன்று தலையணைகளும் நாற்காலியில் அடுக்கு கலையாமல் இருந்தன.

"ரெண்டு தடவ பிடிச்சாராம்மா?"

"ரெண்டு தடவ. மொத நாலு, அப்புறம் ரெண்டு."

"ம்" என்றாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அப்போதுதான் தரகர் வந்தார். அவர் வெங்காயம் வாங்கிக்கொடுத்த ஆளுக்குக் கிலோவுக்குப் பதினான்கு ரூபாய் நஷ்டம். இருந்தும் அவர் முகத்தில் கோபமில்லை. அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு அவனிடம் வந்தார்.

"போகும்போதும் என்னை ஜெயிச்சுட்டுப் போயிட்டாரு. அவரு கடைசியாப் பிடிச்ச கைய நானும் ஒரு தடவ பிடிச்சுக்கறேன் தம்பி. நாலு, ரெண்டு. அவ்வளவுதான்."

தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். கூடம் பேச்சை நிறுத்தித் துண்டைப் பார்த்தது. நர்ஸும் பார்த்தாள்.

துண்டுக்கடியில் தரகரின் கை துழாவியது. மறுபடியும் துழாவியது. மூடிக்கொண்ட அவன் கையில் பிடிக்க ஒரு விரலும் அகப்படவில்லை.