அத்தருக்கு மட்டும் ஒரு விதி

நஜ்லாவுக்கு விதிகள் என்றால் உயிர். நேரங்கெட்ட நேரத்தில் வரும் கூக்கால் கிராமத்து பஸ்ஸைக்கூட மன்னிப்பாள். வரிசையில் குறுக்கே புகுந்தவரை மன்னிக்க மாட்டாள். ஆட்டிசம் உள்ள அவளுக்குக் கொடைக்கானலில் நிம்மதியாக மூச்சு விடக் கிடைத்த ஒரே இடம், மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மாடியில் மாதாமாதம் கூடும் குழு. ஆட்டிசமோ, ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடோ உள்ளவர்கள் தாங்களே நடத்துவது. "கண்ணப் பாத்துப் பேசு" என்று அங்கே யாரும் அதட்டுவதில்லை.

போன கூட்டத்தில் அந்த இடமும் கசந்துபோயிற்று. பெருநாளுக்கு மறுநாள் என்பதால் மணிக்கட்டில் அத்தர் தடவிக்கொண்டு போயிருந்தாள். குழுத் தலைவி தேவசேனா மூக்கைச் சுளித்தாள்.

"என்ன நஜ்லா, பாய் கடை வாசம் தூக்குதே! வாசனைப் பொருள் கூடாதுன்னு விதி இருக்குல்ல? நம்ம குழுவுல ராஜமுருகனுக்கு வாசம் ஆகாதும்மா. போயிக் கழுவிட்டு வா."

நாலு பேர் சிரித்தார்கள். கழுவப் போன நஜ்லா அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டாள்.

"இனி அந்தச் சோலியே வேணாம்" என்றார் அம்மா அமீருன்னிசா. நஜ்லாவுக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் விலகுவது முறையில்லையே! சொல்லிவிட்டு விலகத்தான் இந்த மாதம் வந்தாள்.

"அக்கா, விதின்னா எல்லாருக்கும் விதி" என்று ஜன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். "ஒங்க தலையில மல்லிப்பூ இருக்கு. அதுக்கும் வாசம் இருக்கு. அத யாரும் எடுக்கச் சொல்லல. கேலி பேசிச் சிரிக்கவும் இல்ல."

தேவசேனாவின் கை சடைக்குப் போயிற்று.

"இது வந்து... சும்மா பூ தான..." என்று இழுத்தாள். இழுத்தது அவள் காதுக்கே நன்றாக இல்லை போலும். ராஜமுருகன் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, ஒனக்கு எது ஆகாது?"

பழனியிலிருந்து மலையேறி வரும் ராஜமுருகன் நெளிந்தான். "அத்தர் ஒண்ணும் பண்ணலக்கா. மல்லிப்பூதான். ஒரு வருசமா தலவலி. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அவன் பேரைச் சொல்லி விதி போட்டவர்கள் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது கதை!

தேவசேனா பூவை வெளியே வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. அழுதால் நஜ்லாதான் உட்கார்ந்து தேற்ற வேண்டியிருக்கும். அந்த மட்டுக்கு தேவசேனாவுக்கு விவரம் உண்டு.

"எல்லார் முன்னாடியும்தான் ஒன்னயக் கேலி பண்ணுனேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னோடதுதான். பாய் கடைன்னு சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சிரு நஜ்லா."

நஜ்லா யோசித்தாள். "மன்னிச்சேன். இனிமே என்ன செய்வீங்க?"

"விதிய நீயே எழுது. அப்படியே கேக்குறோம்."

"அதெப்படிக்கா? நான் மட்டும் எழுதுனா அதுவும் இதே தப்புதான. எல்லாரையும் கேப்போம்."

விலகப் போவதாகச் சொல்ல வந்தது அவளுக்கே மறந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராஜமுருகன் அண்ணே, மொதல்ல நீங்க. வேற என்னென்ன ஆகாது?"

ஒரு வருடம் வாயைத் திறக்காத மனிதன் ஆரம்பித்தான். எல்லார் டீயும் ஆறிப்போயிற்று. அவனை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.