துடைக்காத எண்ணெய்

சம்பந்தம் பேச வருகிறவர்கள் என் வீட்டு வாசலில் நரைத்துப்போன பலகையை மிதித்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு முன்னால் மரப்பலகையில் திண்ணை மாதிரி ஒரு டெக் போட்டிருக்கிறோம். அதைத் தாண்டித்தான் ஹாலுக்குள் நுழைய முடியும். வெயிலும் மழையும் பட்டு அது கிழட்டு எருமையின் முதுகு மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது.

வரப்போகிறவர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் யோகநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. அவர் மகன் கௌசிகனும் என் மகள் மாதவியும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது, தன் தாத்தா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் என்பதைக் காப்பிக்கு முன்னாலும் சொன்னார், பின்னாலும் சொன்னார். என் தாத்தா அதே ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர். அவர் போட்டிருக்காவிட்டால் இவர் தாத்தா எதற்குக் கொடி காட்டியிருப்பார்? அன்று நான் கேட்கவில்லை. மாதவி என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

டெக்குக்கு எண்ணெய் பூசுவது என்று முடிவானதும் பக்கத்து வீட்டு லோகன் யோசனை சொல்ல வந்தான்.

"அங்கிள், லோரி இஞ்சின்ல வடிச்ச கறுப்பெண்ணெய் இருக்கு. அத அடிங்க லா. கரையான் கிட்டயே வராது."

"வர்றது சம்பந்தி. லோரி இல்ல," என்றேன்.

ஜாலான் மேரு தெருவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் பாலன் இரண்டு டின்களை எடுத்து வைத்தான். ஒன்று தண்ணீர் போல நிறமில்லாதது. மற்றது தேக்கு நிறம்.

"கிளியர் வேணாம் அங்கிள். நிறம் இருந்தாத்தான் வெயில் தாங்கும். இல்லாட்டி கொஞ்ச நாள்ல மறுபடி நரைச்சிரும்." சொல்லும்போது அவன் என் மீசையைப் பார்த்தான். மீசைக்கு நான் மை போடுவது அவனுக்குத் தேவையில்லாத விஷயம். "மெலிசா ஒரு கோட் அடிங்க. கால் மணி நேரம் விட்டு, மிச்சம் நிக்கிற எண்ணெய துணியால துடைச்சிருங்க."

துடைப்பதா? விருந்தாளி இலையில் நெய் ஊற்றிவிட்டு, அதிகம் என்று துணியால் ஒற்றி எடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தேக்கு நிறத்தில் பெரிய டின்னாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

டெக்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டேன். அதிசயமாக மழையும் ஒதுங்கி நின்றது. பிறகு பூசினேன். பூசியதன்மேல் பூசினேன். அதன்மேலும் பூசினேன்.

என் மனைவி தனலெட்சுமி ஜன்னலில் நின்று பார்த்தாள். "பூசுறீங்களா, பலகாரம் சுடுறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை மாதவி டெக்கில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். விரல் சத்தத்தோடு வந்தது.

"அப்பா, இது காயவே இல்ல."

"அது ஷைன்."

"ஷைன் ஒட்டுமா?"

"பேப்பராவது விரிச்சு விடுவோம்," என்றாள் தனலெட்சுமி.

"வர்றவங்களுக்குப் பேப்பர் விரிக்க இது என்ன நாசி லெமாக் சோத்துப் பொட்டலமா?" என்றேன். அத்துடன் பேச்சு முடிந்தது.

சாயங்காலம் யோகநாதனும் கௌசிகனும் வந்து இறங்கினார்கள். அவர் வெள்ளை வேட்டியில் இருந்தார். படியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு டெக்கில் ஏறினார். முதல் இரண்டு எட்டு கம்பீரமாகத்தான் வந்தது. மூன்றாவதில் வேகம் குறைந்தது. நடுவில் நின்றுவிட்டார். வரவேற்க எதிரே போன நானும் நின்றேன். நிற்காமல் வேறு வழியில்லை.

"நல்ல காத்து," என்றார் அவர்.

"கிள்ளான்ல எப்பவுமே நல்ல காத்து," என்றேன்.

அவர் ஒரு காலைத் தூக்கப் பார்த்தார். பலகை விடவில்லை. பலமாக இழுத்ததும் 'ப்பச்' என்று வந்தது. தெருவில் நின்ற லோகன் இருமினான். அது இருமல் இல்லை.

யோகநாதன் முகம் கறுத்தது. "ரெங்கசாமி, என்னை ஈ மாதிரி ஒட்ட வச்சுச் சிரிக்கத்தான் கூப்பிட்டனீங்களோ? தம்பி, காரை எடு."

"அப்பா, ஒரு நிமிஷம்," என்றான் கௌசிகன்.

"எடு எண்டு சொன்னன்."

கௌசிகன் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்தான். மாதவி அழவில்லை. அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிட அவள் அழுதிருக்கலாம்.

தனலெட்சுமி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். அதை யோகநாதன் பின்னால் போட்டு, "உக்காருங்கண்ணே, இப்படியே கார்ல ஏறினா கார்பெட்டும் போயிரும்," என்றாள். அது நியாயமாகப் பட்டதால் அவர் உட்கார்ந்தார். அவள் தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் ஒரு பழைய துண்டையும் என் கையில் திணித்தாள்.

"எண்ணெய்க்கு எண்ணெயா?" என்றேன்.

"பலாப்பழம் அரிஞ்ச கைக்கு என்ன போடுவோம்? அதேதான். ஊத்தினது நீங்க. எடுக்கிறதும் நீங்க."

நான் யார் காலுக்கும் குனிந்தவன் இல்லை. அன்றும் குனியவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. உட்கார்ந்த இடத்தில் என் வேட்டி டெக்கோடு குடும்பம் நடத்தத் தொடங்கியது தனிக்கதை.

"தொடாதைங்கோ," என்றார் யோகநாதன்.

"எண்ணெய் அதிகமாயிருச்சு. துடைச்சிருக்கணும். நான் துடைக்கல," என்றேன். இதற்குமேல் ஒரு வார்த்தையை யாரும் என்னிடமிருந்து வாங்கியதில்லை.

 அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வலது காலை எடுத்து என் முழங்கால்மேல் வைத்து, உள்ளங்காலில் தேங்காய் எண்ணெயை விட்டுத் தேய்த்தேன்.

ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி கிக்கென்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மறுபடி தேய்த்தேன். நாற்காலி குலுங்கியது.

"விடுங்கோ ஐயா, கூசுது! ஐயோ..."

அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் பேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேட்டி தொடை வரைக்கும் ஏறிவிட்டது. அதை இறக்கிவிடக்கூட அவருக்கு மூச்சு இல்லை. கௌசிகன் சிரித்தான், மாதவி சிரித்தாள், தெருவில் லோகன் வெளிப்படையாகவே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வேலை இருந்தது.

கால் சுத்தமானது. துண்டால் துடைத்துக் கீழே வைக்கப் போனேன்.

"நிலத்தில வைக்காதைங்கோ!" என்று காலைத் தூக்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். பிறகு மகனிடம், "தம்பி, அந்தச் சாவியை உள்ள வை," என்றார். என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, மற்றக் காலையும் பாருங்கோ. கொஞ்சம் மெதுவா," என்று அதையும் என் மடியில் வைத்தார்.