மூன்று நாற்பதுக்குக் கதவைத் தட்டியவர்

லாட்ஜ் என்றால் நம் ஆட்களுக்கு ரூம், சாவி, ஒரு பக்கெட் வெந்நீர், அவ்வளவுதான். கடைத்தெரு முனையில் இருந்த மேசானிக் லாட்ஜின் வாசலிலும் பெட்டியும் கையுமாக யாராவது வந்து நிற்பார்கள். “ரூமெல்லாம் கிடையாது, இது சங்கம்” என்று சொல்லி அனுப்பி வைப்பார் அங்கே வாசல் காவலராக இருந்த அவளுடைய அப்பா.

அவருடைய உண்மையான வேலை வேறு. உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டு உள்ளே சடங்கு நடத்துவார்கள். அது முடிகிறவரை வெளியே உருவிய வாளோடு காவல் நிற்க வேண்டும். அந்த வாள் ஒரு வெள்ளரிக்காயைக்கூட நறுக்கியதில்லை. இருந்தாலும் நாற்பத்தொரு வருடம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார் மனுஷன். போன வருடம் முழங்கால் மக்கர் பண்ணியதால்தான் வீட்டோடு உட்கார்ந்தார்.

லாட்ஜுக்கு நூறு வயது நிறைந்தது. செயலாளரான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைத்த பதினோரு மினிட்ஸ் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவளுடைய டைப்பிங் சென்டருக்கு வந்தார்.

“நூறு வருஷ வரலாறு, புத்தகமா போடறோம். முதல் பக்கத்துல உங்கப்பா போட்டோதாம்மா. ஒரு நாள்கூட வாசலை விட்டு நகராத மனுஷன்” என்றார்.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மா இல்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர் அவர். அவள் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். பிரசவம் சிக்கலாகி, டாக்டரைக் கூட்டிவர ஓடியவன் அம்மாவின் அண்ணன், தையல்காரன். எங்கேயோ சுற்றிவிட்டு, டாக்டர் இருந்த லாட்ஜுக்கு நாலே முக்காலுக்கு ஆற அமர வந்தானாம். “அவன் நேரத்துக்கு வந்திருந்தா உங்கம்மா இருந்திருப்பா.” அப்பாவின் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே அவள் வளர்ந்தாள். தாய்மாமனின் கடை அடுத்த தெருவில்தான் இருந்தது. முப்பத்தேழு வயதாகியும் அந்தத் தெருவில் அவள் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள். தலைகூடத் திரும்பாது.

வரலாறு என்னவோ பெரிய வரலாறு! எந்த வருடம் யார் தலைவர், யார் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், நாற்காலிக்காக எந்த இரண்டு சகோதரர்கள் நாலு வருடம் பேசாமல் இருந்தார்கள், இதுதான் பக்கம் பக்கமாக. கொட்டாவி விட்டுக்கொண்டே டைப் அடித்தாள். ஏழாவது புத்தகத்தில் அவள் பிறந்த தேதி வந்தது. சனிக்கிழமைப் பிற்பகல். அன்று கூட்டம் நடந்திருந்தது. தலைமை நாற்காலியில் இருந்தவர் டாக்டர். அந்தக் காலத்தில் ஊருக்கே அவர் ஒருவர்தான்.

நடுவில் ஒரு வரி: “பிற்பகல் 3.40க்கு வெளியிலிருந்து மூன்று தட்டு. தாமதமாக வந்த சகோதரர் என்று கருதி, காத்திருக்கும்படி பதில் தட்டு தரப்பட்டது. 4.50க்குக் கூட்டம் முடிந்து கதவைத் திறந்தபோது வெளியே அப்படி எந்தச் சகோதரரும் இல்லை.”

அப்பா சொன்ன கணக்கில் மாமன் லாட்ஜுக்கு வந்து சேர்ந்ததே நாலே முக்காலுக்குத்தான். அப்படியானால் மூன்று நாற்பதுக்கு வாசலில் நின்ற அப்பா யாருக்காகக் கதவைத் தட்டினார்? அவளுக்குக் கை ஓடவில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு, புத்தகத்தோடு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த வரியைப் படித்துக் காட்டினாள். தேய்க்கிற கை நின்றது.

“அது மாமாவுக்காகத் தட்டினதாப்பா?”

“ஆமா” என்றார்.

“அப்ப ஏன் திறக்கலை?”

“மூணு தட்டு தட்டினா நம்ம ஆள் யாரோ லேட்டா வந்திருக்காருன்னு அர்த்தம். உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தா, பொறுன்னு அர்த்தம். பொறுத்தேன்.”

“உயிருக்கு ஆபத்துன்னா எப்படித் தட்டணும்?”

“தாறுமாறா இடிக்கணும். அப்ப எல்லாத்தையும் நிறுத்திட்டு ஓடி வருவாங்க.”

“நீங்க ஏன் இடிக்கலை?”

அவர் தைலப் புட்டியின் மூடியைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது.

“உள்ள புதுசா சேர்ற ஆளைக் கண்ணைக் கட்டி நடுவுல நிக்க வச்சிருந்தாங்கம்மா. இடிச்சா பதினாறு பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. சொந்த வீட்டு விஷயத்துக்கு இப்படியான்னு கேப்பாங்களேன்னு... கூச்சமா இருந்துச்சு. இதோ முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும்னு நின்னேன்.”

பயம் என்றிருந்தால் மன்னித்திருப்பாள். சட்டம் என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். கூச்சமாம்! அதற்குப் போய் ஒரு உயிர்.

“மாமா மேல ஏன் பழியைப் போட்டீங்க?”

“டாக்டர் வெளிய வந்து, எப்ப வந்தான் இவன்னு கேட்டாரு. இப்பதான்னு வாயில வந்துடுச்சு. ஒரு தடவை சொன்னப்புறம் மாத்த முடியலம்மா.”

அதற்கு மேல் அங்கே உட்கார அவளால் முடியவில்லை.

தையல் கடையில் மாமன் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளைக் கண்டதும் ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார்.

“மாமா” என்றாள். அவரை அப்படிக் கூப்பிட்டது வாழ்க்கையில் முதல் தடவை. மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்து அந்த வரியைப் படித்தாள். அவர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு அமைதியாகக் கேட்டார்.

“சரியாத்தான் எழுதியிருக்கான். அங்க பெஞ்சுல ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தேன். பொறுக்க முடியாம நானே கதவை இடிக்கப் போனேன். உங்கப்பா வாளைக் குறுக்க நீட்டிட்டாரு.”

“இதை யார்கிட்டயுமே சொல்லலையா மாமா?”

“எல்லார்கிட்டயும் சொன்னேன். தங்கச்சியைப் பறிகொடுத்துட்டு உளர்றான்னாங்க. உன்கிட்டகூடச் சொன்னேனே. உனக்குப் பத்து வயசு இருக்கும். ஸ்கூல் வாசல்ல வந்து நின்னு சொன்னேன். கல்லை எடுத்து எறிஞ்சே, நெத்தியில பட்டுச்சு. சின்னப் பிள்ளை, உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி, கல் எறிந்ததை அப்பாவிடம் சொன்னாள். அவர் அவளை மடியில் உட்கார்த்தி, தலையைத் தடவிக் கொடுத்து, “நல்லா செஞ்சேம்மா” என்றார்.