வெறும் கெட்டில்

1

இந்தக் கதை ஒரு கறையிலிருந்து வந்தது. ரிப்பேர் பழகும் மாலை வகுப்பில் எனக்குக் கொடுத்தது ஒரு மலிவான மின்கெட்டில். உள்ளே அடித்தட்டு நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. தண்ணீர் இல்லாமல் சூடானால்தான் அப்படி ஆகும். 'பியூஸ் போயிருக்கிறது' என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் படுத்தேன். யார் வெறும் கெட்டிலைப் போட்டிருப்பார்கள் என்ற யோசனை மட்டும் போகவில்லை. யாருடையது என்று தெரியாததால், ஒருவரைக் கற்பனை செய்ய வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: 'பிடிவாதக்காரக் கிழவர் ஒருவர் தன் கெட்டிலை மார்போடு அணைத்தபடி'

வேண்டாம். இரக்கப்படுங்கள் என்று உங்கள் கையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. துணிப்பையில் போட்டுக் கொண்டுவரட்டும்.

இரண்டாவது: ரிப்பேர் கடைக்கு அப்பா, மகள், மகன் மூவரும் வந்தார்கள். அம்மா இறந்த பிறகு அப்பா தனியாக இருக்கிறார். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறான் மகன். அவர் அசைவதாக இல்லை. அடுப்பைத் தொடக்கூடாது, கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. இப்போது கெட்டிலும் போய்விட்டது.

இது பரவாயில்லை. மேலே போகிறேன்.

3

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல தம்பி," என்றாள் மகள். "மட்டமான சாமான். அதானே?"

"பார்க்கணும்க்கா," என்றான் மெக்கானிக்.

(இவன் என்னைப் போலவே பேசுகிறான். வேறு ஆளாக்கிப் பார்த்தேன், வரவில்லை.)

"தண்ணி ஊத்தாம போட்டிருப்பாரு," என்றான் மகன். "அப்படி மட்டும் இருந்துச்சுன்னா, இன்னிக்கே மூட்டை கட்டணும்ப்பா. பேச்சு மாறக்கூடாது."

"நீ வண்டிச் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுட்டு வீடெல்லாம் தேடுன. உன்னை யாராவது மூட்டை கட்டச் சொன்னாங்களா?" என்றாள் மகள்.

"அது ஆபீஸ் டென்ஷன்டி."

"உனக்குன்னா டென்ஷன். அவருக்குன்னா மறதி. நல்லா இருக்கு."

மகனுக்குப் போன் வந்தது. வெளியே போனான். உடனே மகள் மெக்கானிக் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, பியூஸ் மட்டம்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

4

இந்த இடத்தில் அப்பா, 'சத்தியமா தண்ணி ஊத்துனேன்' என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது நான் அவருக்காகப் பேசியது. பேனாவை வைத்துவிட்டு, அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நீ சும்மா இரும்மா," என்றார். "தம்பி, ஊத்துனேனா இல்லையான்னு எனக்கே தெரியல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன். உள்ள பார்த்தா தெரியுமா?"

தெரியும். மெக்கானிக் பார்த்தும்விட்டான்.

5

(அ) 'பியூஸ்தான் மட்டம்' என்கிறான். அப்பா தன் வீட்டுக்குத் திரும்புகிறார். எழுதியபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. ஆனால், தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்ட மனிதருக்கு நான் ஆறுதலைக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

(ஆ) 'நீங்க ஊத்தல' என்கிறான். மகன் மூட்டை கட்டுகிறான். இதிலும் ஏதோ விட்டுப்போகிறது என்று...

ரிப்பேர் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். வெறும் கெட்டில் சூடேறினால் தானாக அணைவதற்கு உள்ளே ஒரு சுவிட்ச் உண்டாம். அது வேலை செய்யாமல் போனால்தான் பியூஸ் போகுமாம். கதையைத் திருத்தினேன்.

"ரெண்டும்தான்ய்யா," என்றான் மெக்கானிக். "நீங்க தண்ணி ஊத்தல. அதை அணைக்க வேண்டிய சுவிட்சும் அணைக்கல. மறக்காத ஆளே இல்லன்னுதான் அந்த சுவிட்சையே வைக்கிறாங்க."

அப்பா கெட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"சுவிட்ச மாத்திடலாமா?"

"மாத்திடலாம்."

"மாத்திட்டா, நான் தனியா இருக்கலாமா?"

6

மெக்கானிக் சொல்லும் பதிலை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். கெட்டிலைத் திறக்க எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. பாடத்தில் இருந்திருந்தாலும் நான்...

மகன் பேசி முடித்துவிட்டு உள்ளே வருகிறான்.

"என்னவாம்?" என்கிறான்.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மகள் அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா உங்களைப் பார்க்கிறார்.